வீட்டுச் சத்தத்தில் ஓடிய கார்

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. சேலத்தில் விடுதியில் என் அறையில் தங்கியிருந்த பெண் சொன்னது. அவளுக்கும் அவளுடைய சித்தி சொல்லித்தான் தெரியும். சித்தி வீடு சங்ககிரியில் அதே தெருவில், நாலு வாசல் தள்ளி இருக்கிறது. ஆகவே இது இரண்டு வாய் மாறி வந்த கதை. எனக்குச் சொன்னபடியே எழுத முயன்றிருக்கிறேன். நம்பக் கஷ்டமாக இருந்த இடங்களையும் விட்டுவிடவில்லை. அந்த இடங்களைத்தான் அவள் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

சங்ககிரியில் லாரியோடு சம்பந்தமில்லாத குடும்பம் குறைவு. லாரி வைத்திருப்பார்கள், ஓட்டுவார்கள், டயர் மாற்றுவார்கள், அதுவும் இல்லையென்றால் தார்ப்பாயாவது தைப்பார்கள். செங்கோடன் ஓட்டினார். முப்பது வருஷம் நாக்பூர், குவாலியர், ராய்ப்பூர் என்று ஓட்டினார். மாசத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம், அந்த நாலு நாளும் தூங்கியே கழியும். இடுப்பு இனிமேல் தாங்காது என்று ஆனதும், பங்குக்கு வைத்திருந்த லாரியைக் கூட்டாளியிடமே விட்டுவிட்டு, உள்ளூர் வாடகைக்கும் ஆகும் வீட்டுக்கும் ஆகும் என்று ஒரு கார் வாங்க நினைத்தார். மின்சாரக் காராக வாங்கலாம் என்று சொன்னவள் மகள் மோகனப்பிரியா. அந்த வீட்டில் முதன்முதலில் கல்லூரியை முடித்தவள் அவள். அதனால் அவள் எது சொன்னாலும் அப்பாவும் அம்மாவும் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள். அதுவே அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

கார் வந்த அன்று அதற்குப் பூமாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து, தெருவே கூடி நின்றது. செங்கோடன் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி காத்திருந்தார்.

"எப்ப சாமி ஸ்டார்ட் ஆகும்?" என்று மகளைக் கேட்டார்.

"அது மொதல்லயே ஆயிருச்சுப்பா. நீங்க ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருக்கீங்க."

தெரு சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் முப்பது வருஷமாகக் காதால் வண்டி ஓட்டிய மனுஷன் அவர். எஞ்சின் முனகினால் கியர் மாற்றுவார், இரைந்தால் கால் எடுப்பார், வேகம் காட்டும் முள்ளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இந்தக் காரில் நிற்கிறோமா போகிறோமா என்றே அவருக்குப் பிடிபடவில்லை. முதல் வாரத்தில் சொந்த கேட்டுத் தூணில் ஒரு தடவையும், மாவு மில்காரர் நாச்சிமுத்துவின் ஸ்கூட்டரில் ஒரு தடவையும் இடித்தார். அதற்கப்புறம் காரை எடுக்கவில்லை. காலையில் துடைப்பார், உள்ளே உட்காருவார், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு இருப்பார், இறங்கிவிடுவார். ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் சொல்லித்தானே வாங்கினார் என்று மோகனா நினைத்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா சம்பூரணம் அவரை விரட்டி, எண்ணெய் ஆட்டிக்கொண்டு வரச் செக்குக்கு அனுப்பினாள். அடுப்பில் குக்கர் இருந்தது. ஆவி வந்தது, வெயிட் தூக்கி ஆடியது, விசில் மட்டும் வரவில்லை. சாதம் களியாகக் குழைந்துவிட்டது. திரும்பி வந்த செங்கோடன் முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஒரு தெளிவு. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் காருக்கு முன்பக்கமிருந்து நம் வீட்டு குக்கர் விசில் வந்தது, அதைக் கேட்டதும் கையும் காலும் தானாக இளகி வண்டி பிடிபட்டுவிட்டது என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"எத்தன விசில் வந்துச்சு?" என்று கேட்டாள் சம்பூரணம்.

"மூணு."

"அப்பக் கொழையத்தான் செய்யும். ரெண்டுலயே எறக்கோணும்."

அவ்வளவுதான் அதைப் பற்றி அன்றைக்கு வீட்டில் நடந்த பேச்சு. மறுநாளிலிருந்து அவர் காரோடு வெளியே போனால் சம்பூரணம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போன் போடுவாள், அவர் சேலம் பக்கம் எங்காவது ஓட்டிக்கொண்டே விசிலை எண்ணிச் சொல்லுவார், அவள் இறக்குவாள்.

குக்கருக்குப் பின்னால் மிக்ஸி போனது, மிக்ஸிக்குப் பின்னால் கிரைண்டர் போனது, வீட்டில் இருந்த சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் காருக்குக் குடிபோனது. மெதுவாகப் போனால் சட்னி அரைபட்டது, கொஞ்சம் அழுத்தினால் மாவு ஆடியது. பின்னால் எடுக்கும்போது சம்பூரணத்தின் குரலே வந்தது, "பாத்து, பாத்து, கண்ணு தெரியுதா இல்லயா" என்று. அதற்கப்புறம் வீட்டில் அவள் திட்டினால் உதடுதான் அசையும். திட்டு எங்கோ குமாரபாளையத்தில் ஒரு கடை வாசலில் வண்டி திருப்பும்போது கேட்கும். மற்றப் பேச்செல்லாம் பேசலாம், திட்டத்தான் முடியாது. வீட்டுக்கு வெளியிலும் அது பரவியது. எதிர்வீட்டுத் தெய்வானை அக்காவின் தறிகள் சத்தமில்லாமல் ஓடின. பைபாஸில் அறுபதைத் தொட்டால் காரில் தறி அடித்தது. நாச்சிமுத்துவின் மாவு மில்லும் ஊமையானது. செங்கோடன் காரை சேலத்தில் ஒரு சர்வீஸ் சென்டருக்கும் கொண்டுபோனார். அங்கே இருந்த பையன்கள் வயர் மாட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் குறையும் காட்டவில்லை, இட்லி மாவு வாசனைகூட வருகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்றார்களாம்.

தெரு இதற்குப் பழக அதிக நாளாகவில்லை. தறியில் நூல் அறுந்தால் சத்தத்தில்தான் தெரியும் என்பதால், தெய்வானை அக்கா நூல்களில் பட்டாம்பூச்சி மாதிரி காகிதத் துண்டுகளைக் கட்டிவிட்டாள், நூல் அறுந்தால் அது விழும். மில்லில் மாவு அரைபட்டதா என்று நாச்சிமுத்து தொட்டுப் பார்த்துச் சொன்னார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்தக் கார் இருக்கிற தெருவுக்கே குடிவரலாம் என்றார்கள். தினமும் சண்டை போட்ட ஒரு தம்பதிக்கு, கேட்காத சண்டையில் என்ன பிரயோசனம் என்று தோன்றியது. சண்டை போட வேண்டுமென்றால் காசு கொடுத்துக் காரை வாடகைக்கு எடுத்து ஒரு சுற்றுப் போய் வந்தார்கள்; திரும்பும்போது டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போகிற பெண் ஒருத்தி, வேறு எந்த வண்டியும் வேண்டாம், செங்கோடன் அண்ணன் காரில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். காரணம் கேட்டதற்கு, ஈரோடு வரைக்கும் எங்க வீட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே போகலாம் என்றாள். அன்றிலிருந்து முகூர்த்த நாளில் அந்தக் கார் கிடைக்கவில்லை. செங்கோடன் புதுச் சட்டை போட ஆரம்பித்தார்.

இந்தச் சமயத்தில்தான் மோகனாவின் இணையதளம் உள்ளே வருகிறது. கல்லூரிக் கடைசி வருஷத்தில், வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஆளுக்கொரு சொந்த இணையதளம் இருக்க வேண்டும், அதில் செய்த சாதனைகளைப் போட வேண்டும் என்று ஒரு ஆசிரியர் சொன்னார். கூடப் படித்தவர்கள் செய்யாததையும் போட்டார்கள். மோகனா தன் பெயரில் ஒரு பக்கத்தை அவளே கட்டினாள், ஆனால் போட ஒன்றும் இல்லை. பொய் எழுதவும் கை வரவில்லை. அதனால் அன்றன்றைக்கு வீட்டில் நடந்ததை நாலு வரி எழுதினாள்: என்ன சமையல், யார் வந்தார்கள், அப்பா எந்த ஊரில் நிற்கிறார். படித்தவர் யாரும் இல்லை. இப்போது அவள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனில் சத்தங்களைப் பதிவு செய்து, இது இன்னார் வீட்டு மிக்ஸி, இது தெய்வானை அக்கா தறி, இது நாச்சிமுத்து மில் என்று பெயர் எழுதிப் பக்கத்தில் ஏற்றினாள். சத்தத்துக்குச் சொந்தக்காரர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான்.

ஆனால் தெருவின் பிள்ளைகள் எங்கெங்கோ இருந்தார்கள். ஷார்ஜாவில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் இருந்த தெய்வானையின் மகன் தறிச் சத்தத்தை வைத்துக்கொண்டு தூங்கினான், நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்த தஞ்சாவூர்க்காரர் தனக்கும் கேட்கிற மாதிரி அதைக் கூட்டி வைக்கச் சொன்னார். ஓசூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் காலையில் எழுந்ததும் அம்மா வீட்டு மிக்ஸியைப் போட்டுவிட்டுத்தான் தங்கள் மிக்ஸியைப் போட்டார்கள். பக்கத்தின் அடியில் பார்ப்பவர்கள் எழுதுகிற இடம் முழுக்க, எங்கள் வீட்டு மோட்டாரைப் போடு, எங்கள் அப்பா இருமலைப் போடு, இது எங்கள் குக்கர் இல்லை, எங்கள் குக்கர் கொஞ்சம் கீச்சென்று இருக்கும் என்று வந்து குவிந்தது. மோகனாவுக்குத் தலைகால் புரியவில்லை. படி ஏறினால் போன் அதிர்ந்தது, படி இறங்கினால் போன் அதிர்ந்தது. அந்த அமளிக்கு நடுவில் சென்னையில் ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் பக்கத்தைப் பார்த்தோம், நீங்களே கட்டியதா, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கணினி வழியாக உங்களை நேர்காணல் செய்யலாமா.

கல்லூரி முடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அதுவரை அவளை யாரும் நேர்காணலுக்குக் கூப்பிட்டதில்லை. சம்பூரணம் கேசரி கிளறித் தெரு முழுக்கக் கொடுத்தாள்.

புதன்கிழமை மோகனா கண்ணாடி முன்னால் நின்று, தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை சொல்லும்போது பாதியில் குரல் நின்றது. தொண்டை வலிக்கவில்லை, உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. அதே நேரத்தில் செங்கோடன் பவானி போகும் வழியில் இருந்தார். காருக்குள் மகளின் குரல் தெளிவாகத் தொடங்கியது. என்ன சொல்கிறாள் என்று அவருக்குப் புரியாத ஆங்கிலம், ஆனால் அவள் குரல். மேட்டில் ஏறும்போது கொஞ்சம் உயர்ந்தது, இறங்கும்போது சிரித்தது. அவர் பவானியில் நிறுத்தவில்லை. ஆற்றுப்பாலம் வரை போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு, சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தார்.

வந்து பார்த்தால் வாசலில் தெரு கூடியிருக்கிறது. தெய்வானை அக்கா தூதுவளை அரைத்துக்கொண்டு வந்திருந்தாள். நாச்சிமுத்து, காய்ச்சல் என்று எழுதித் தேதியைத் தள்ளிப்போடச் சொன்னார். மோகனா கணினியைத் திறந்து உட்கார்ந்து பார்த்தாள். காய்ச்சல் என்று எழுத முடியவில்லை, காய்ச்சல் இல்லை. குரல் அப்பாவின் காரில் இருக்கிறது என்றும் எழுத முடியவில்லை. மூடிவிட்டாள். சரி, காரிலேயே உட்கார்ந்து பேசட்டும் என்று ஒரு யோசனை வந்தது. வியாழக்கிழமை காலை ஓட்டிப் பார்த்தார்கள். குரல் வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. அவள் தன் திறமைகளைச் சொல்லும்போது நடுவில் மூன்று விசில் வந்தது, படிப்பைச் சொல்லும்போது தறி அடித்தது. கார் நின்றால் குரலும் நின்றது, ஓடினால் போனில் சிக்னல் போனது. கடைசியில் செங்கோடன் பின்னால் எடுக்க, "என்னுடைய பலவீனம்" என்று மோகனா ஆங்கிலத்தில் தொடங்கிய வாக்கியத்தை "கண்ணு தெரியுதா இல்லயா" என்று அம்மாவின் குரல் முடித்து வைத்தது. பின்சீட்டில் இருந்த தெய்வானை அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். மோகனா அழுதாள். அதற்கும் சத்தமில்லை.

வாசலில் நின்றிருந்த சம்பூரணம் மகளைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"வண்டி எதையும் எடுக்கலைங்க. நீங்கதான் விட மாட்டீங்கறீங்க."

இறங்கி நின்ற செங்கோடன் மறுபடி காருக்குள் போய் உட்கார்ந்தார். மோகனா போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார்.

"நீ மொத வார்த்த பேசுனப்ப நான் நாக்பூர்ல லோடு எறக்கிட்டிருந்தேன். உங்கம்மா போன்ல சொன்னா. என்ன வார்த்தைன்னு கேக்கறதுக்குள்ள லைன் கட் ஆயிருச்சு. அப்புறம் ஊட்டுக்கு வாரப்பெல்லாம் நீ தூங்கிட்டிருப்ப, இல்லைன்னா நான் தூங்கிட்டிருப்பேன். இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் ஊடு என்கூட வருது சாமி. இத எப்படி எறக்கி உடறது?"

மோகனா போனை எடுத்து, சத்தங்களுக்கு அடியில், யாரும் இறங்கிப் படிக்காத ஆழத்தில் இருந்த அவளுடைய பழைய பக்கங்களைத் திறந்து அப்பா கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

செங்கோடன் எழுத்துக் கூட்டிப் படிப்பவர் இல்லை, ஆனால் நிதானமாகப் படிப்பவர். ஒரு நாளில் இப்படி இருந்தது: 'அப்பா போனில் என்ன குழம்பு என்று கேட்டார். பருப்புக் குழம்பு என்று அம்மா சொன்னாள். உண்மையில் இன்று குழம்பு வைக்கவில்லை, ஊறுகாய்தான். அப்பா இல்லாத நாளில் அம்மா குழம்பு வைப்பதில்லை.' அதை அவர் மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை முடிக்கும்போது, சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, பழைய மாதிரி, கொஞ்சம் எச்சில் தெறித்தபடி.

அவர் நிறுத்தவில்லை. அவர் இல்லாத மழை நாளைப் படித்தார், அவர் இல்லாத பொங்கலைப் படித்தார், அவர் ராய்ப்பூரில் டயர் வெடித்து நின்றபோது இங்கே வீட்டில் பூனை குட்டி போட்டதைப் படித்தார். படிக்கப் படிக்க மிக்ஸி வீட்டுக்கு வந்தது, கிரைண்டர் வந்தது. நாச்சிமுத்துவின் மில் திடீரென்று இரைந்து, மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தெய்வானை வீட்டில் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தன, தெரு ஜனங்கள் வாசலுக்கு வாசல் வந்து நின்று, உங்களது வந்துவிட்டதா, எங்களது வந்துவிட்டது என்று விசாரித்துக்கொண்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு சம்பூரணம் ஜன்னலைத் திறந்து, சோறு திங்காமல் அங்கே என்ன உட்கார்ந்து கிடக்கிறீர்கள் என்று முழுக் குரலில் திட்டினாள். தெரு கை தட்டியது.

இருட்டுகிற நேரத்துக்குள் எல்லாம் வந்துவிட்டது, மோகனாவின் குரலைத் தவிர. செங்கோடன் எல்லாப் பக்கத்தையும் படித்து முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் குளித்து, நல்ல சுடிதார் போட்டு, சாமி படத்துக்கு முன்னால் கணினியை வைத்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில், என்னால் இன்று பேச முடியவில்லை, எழுதிக் காட்டலாமா என்று எழுதி வைத்துக்கொண்டாள். அது உண்மை, அதைச் சொல்லலாம். பத்தரை மணிக்கு வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்பா எங்கே போகிறார் என்று அம்மா ஜன்னலுக்கு ஓடினாள். கார் தெருமுனை திரும்பியிருந்தது.

பதினொரு மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, இரண்டு இளைஞர்கள். அவர்கள் வணக்கம் சொன்னார்கள். மோகனா கும்பிட்டாள். கண்ணாடி போட்ட அம்மா, உங்கள் குரல் வரவில்லையே என்றார். மோகனா காகிதத்தைத் தூக்கப் போனாள். காகிதம் நழுவி மேஜைக்கு அடியில் போய்விட்டது, அதைக் குனிந்து எடுக்கும்போது பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"நான் பேசறது கேக்குதுங்களா?"

கேட்டது. அவளுக்கே கேட்டது. திரையில் இருந்தவர்கள் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து சம்பூரணம் "கேக்குது கண்ணு" என்றாள், எதிர்வீட்டிலிருந்து தெய்வானை அக்கா கேட்குது என்றாள், மில்லை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து கேட்குது என்றார், அடுத்தடுத்த வாசல்களில் இருந்தவர்களும் ஆளாளுக்குச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட அம்மா கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, எங்களுக்கும் கேட்குது, ஆரம்பிக்கலாமா என்றார்.

பைபாஸில் என்ன நடந்தது என்று செங்கோடன் பிறகு சொன்னார். லாரிகள் நிற்கிற இடம் வரை மகளின் குரலைக் கேட்டுக்கொண்டே ஓட்டிப் போய், ஓரமாக நிறுத்தினாராம். முப்பது வருஷமாக வீட்டு வாசலில் நின்று போயிட்டு வர்றேன் என்று சொல்லிக் கிளம்பியது அவர்தான். மகள் கல்லூரிக்குக் கிளம்பிய காலைகளில் அவர் வெளியூரில் இருப்பார், இல்லையென்றால் தூங்குவார், அதனால் பதில் வார்த்தையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தாராம். அப்புறம் காருக்குள் பார்த்து, "போயிட்டு வா சாமி" என்றாராம். காரில் குரல் நின்றது. திரும்பி வரும்போது எந்தச் சத்தமும் இல்லை. முதல் தடவையாக முள்ளைப் பார்த்து ஓட்டினேன், இருபதுக்கு மேல் போகவில்லை, லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள், யாரையும் இடிக்கவில்லை என்றார்.

அறைத்தோழி இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டாள். மேற்கொண்டு நான் விசாரித்தேன். மோகனாவுக்கு அந்தச் சென்னை வேலை கிடைக்கவில்லை. சில மாதம் கழித்து ஓசூரில் வேறொன்று கிடைத்தது, அங்கே விடுதியில் இருக்கிறாள். இணையதளத்தையும் தேடிப் பார்த்தேன், இருக்கிறது. சத்தங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன், நேரம் ஓடுகிறது, ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் நடந்ததை எழுதுகிற பக்கம் நிற்கவில்லை. அவள் ஓசூர் போன பிறகும் தினமும் நாலு வரி வருகிறது, முற்றுப்புள்ளி இல்லாமல், வேறொருவர் எழுதியது. நான் பார்த்த அன்று இருந்தது இது:

'இன்னிக்கு ரசம் உங்கம்மா உப்பு கம்மிங்கறா எனக்கு சரியாத்தான் இருந்துச்சு காரை சார்ஜ்ல போட்டிருக்கேன் உன் ரூம் ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது எண்ணெய் விடச் சொல்றா நீ வந்து கேட்டுட்டு சொல்லு அப்புறம் விடலாம்'